கருவி இங்கே, கோளாறு எங்கே?

(தருமபுரியில் கணினி பயிலும் மாணவர்களும், இ-சேவை மையங்களிலும் நியாயவிலைக் கடைகளிலும் பணிபுரிவோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 ஜூலை 24 அன்று நம் மாவட்டத்தின் தொப்பூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அன்று முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தமிழ்நாடு முழுவதும் பெண்கள் குடும்ப அட்டையும் ஆதாரும் மின்கட்டண ரசீதும் கையுமாக வரிசையில் நின்றார்கள். முகாம் மேசைகளின்மேல் ஒரு கைபேசியும் விரல் வைக்கும் சிறு கருவி ஒன்றும் இருந்தன. அந்தக் கருவி பச்சை விளக்கு காட்டினால் விண்ணப்பம் நகரும், காட்டாவிட்டால் வரிசை நிற்கும். செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பயனாளிகள் ஆகியிருந்தார்கள்.

அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது மேசைமேல் இருந்த அந்தச் சிறு கருவியைப் பற்றி. அதைத் தூரத்தில் இருந்துகொண்டு ஆளும் சர்வரைப் பற்றி. அந்த சர்வரில் இரவோடு இரவாக ஒரு அப்டேட் போட்டதும், மறுநாள் காலை கருவி ஏன் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது, அப்போது எங்கே தேடுவது என்பதைப் பற்றி. இந்த மாவட்டத்தில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இங்கே கூலிக்குப் போகிறவருக்கு ரேஷன் கடை வரிசை என்பது அரை நாள் வேலை. சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ ஒரு சான்றிதழுக்காக இறங்கி வருகிறவருக்கு அது ஒரு முழு நாள். ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். கேட்டவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து வீடு திரும்புகிறார்.

விரலை வைத்ததும் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கருவி ரேகையைப் படம் பிடிக்கிறது. பிடித்த நேரத்தையும் தன் அடையாளத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டு, மறையாக்கம் செய்து, செயலியிடம் கொடுக்கிறது. செயலி அதை சிம் கார்டு வழியாகத் துறையின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஆதார் ஆணையத்தின் சர்வருக்குப் போகிறது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் வந்த வழியே திரும்புகிறது. நல்ல நாளில் இத்தனையும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். இது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த வழி.

தெரியாத வழி இன்னொன்று இருக்கிறது. 2017இலிருந்து, ஆதார் சரிபார்ப்புக்குப் பதிவு செய்யப்பட்ட கருவிகள் மட்டுமே செல்லும் என்று ஆணையம் விதி வைத்தது. அந்தக் கருவியோடு ஒரு மென்பொருள் வருகிறது. இ-சேவை மையத்தில் இருப்பவர்கள் அதை ஆர்.டி. சர்வீஸ் என்பார்கள். அது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் மேலாண்மை சர்வரோடு அவ்வப்போது தானாகப் பேசிக்கொள்ளும். இந்த வரிசை எண் என்னுடையதுதானா, இதன் சாவி இன்னும் செல்லுமா, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா, மென்பொருள் பழைய பதிப்பா என்றெல்லாம் அந்த சர்வர் சோதிக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை சாவியை மாற்றும். மக்கள் கண்ணில் படாத உரையாடல் இது. இது நின்றால், விரல் நல்ல விரலாக இருந்தாலும், டவர் நான்கு கோடு காட்டினாலும், கருவி வெறும் கண்ணாடித் துண்டு.

கைரேகைக் கருவிக்கு மட்டும் உரியது அல்ல இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் இருக்கின்றன. அவற்றின் பி.ஓ.எஸ். மிஷின்களில் எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வதில்லை, மையத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென 79,723 கையடக்கக் கணினிகள் ஒதுக்கப்பட்டன. இவ்வளவு கருவிகளுக்கும் ஆள் நேரில் போய்ச் செயலி ஏற்ற முடியாது. ஆகவே ஆயிரக்கணக்கான கருவிகளை ஓரிடத்திலிருந்து நடத்தும் கருவி மேலாண்மைச் சேவை வேண்டியிருக்கிறது. அந்தச் சேவை ஒரு சர்வரில் ஓடுகிறது. சர்வர் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், போட்டுத்தான் ஆக வேண்டும். அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர் மக்களின் கைரேகைத் தகவலைத் திறந்த வீட்டில் வைக்கச் சொல்கிறார்.

அப்டேட் போட்டதும் உடைகிற இடங்கள் எவை? என் மதிப்பீட்டில் தரவுத்தளமும் சான்றிதழும்தான் பெரிய இடங்கள். மற்றவை சில்லறை.

தரவுத்தளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ப்ரொஃபைல் மேனேஜர் நல்ல எடுத்துக்காட்டு. 2011இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு வந்த சேவை அது. ஒரு சிறிய மேக் மினி கணினியை மூலையில் வைத்து, பள்ளியில் உள்ள ஐபேடுகள் அத்தனையையும் அதைக் கொண்டே நடத்தலாம். உலகெங்கும் பல பள்ளிகளும் சிறு நிறுவனங்களும் அப்படித்தான் நடத்தின. அதன் அடியில் இருந்தது போஸ்ட்கிரஸ் என்ற திறந்தமூலத் தரவுத்தளம். சர்வர் செயலியில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை பின்னணியில் நடக்கும். அந்த மாற்றம் நடுவில் முறிந்தால் சேவை தொடங்காது. மேலாண்மைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். திரையில் காரணம் வராது.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் இயல்பு ஒன்றை மாணவர்கள் மனதில் கொள்ளுங்கள். முதன்மைப் பதிப்பு எண் மாறினால், பழைய பதிப்பு எழுதி வைத்த கோப்புகளைப் புதிய பதிப்பு அப்படியே திறக்காது. அதற்கென்று உள்ள கருவியைக் கொண்டு மாற்ற வேண்டும், அல்லது பழையதிலிருந்து முழுவதையும் வெளியே எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். இது தெரியாமல் சர்வரின் எல்லா மென்பொருளையும் ஒரே கட்டளையில் புதுப்பித்துவிட்டு, ‘தரவு எல்லாம் போச்சு’ என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. தரவு போகவில்லை. வட்டில் அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பழைய பதிப்பைத்தான் எடுத்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரிய அபாயம் வருகிறது. ப்ரொஃபைல் மேனேஜரோடு, தரவுத்தளத்தை முழுதாக அழித்து வெறும் பலகையாக்கும் ஒரு நிரலும் கூடவே வந்தது. சேவை நின்றுபோன பதற்றத்தில் அதை ஓட்டினால் சேவை உடனே உயிர் பெறும், மேலாண்மைப் பக்கம் அழகாகத் திறக்கும். ஆனால் உள்ளே ஒரு கருவியும் இருக்காது. பள்ளியில் உள்ள ஒவ்வொரு ஐபேடும் தான் ஒரு மேலாளருக்குக் கட்டுப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கும், அந்த மேலாளருக்கோ அது யார் என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மீண்டும் பதிய வேண்டும். ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் பதிந்த ஆண்ட்ராய்டு கருவியை மறுபடி பதிய வேண்டுமானால், பெரும்பாலும் அதைத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்து முதல் திரையிலிருந்து தொடங்க வேண்டும். அதில் இருந்த அனுப்பப்படாத பதிவுகளும் அதோடு போகும். கருவி நூறு என்றால் இரண்டு நாள் வேலை. மாவட்டம் முழுவதும் என்றால் எத்தனை ஆள், எத்தனை வண்டி, எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ப்ரொஃபைல் மேனேஜரை ஆப்பிளே 2022 ஏப்ரல் 21 அன்று மேக் ஓ.எஸ். சர்வரோடு சேர்த்து நிறுத்திவிட்டது. 2018லேயே அஞ்சல், வலை, வி.பி.என். போன்ற சேவைகளை அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. நம்பி இருந்தவர்கள் வேறிடம் தேடிப் போனார்கள். ஒரே நிறுவனத்தின் மூடிய ஏற்பாட்டில் அரசு சேவைகளை வைக்கும்போது இந்த முடிவையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். சர்வர் தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டும் சீட்டு அது. அந்தச் சீட்டில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் உண்டு, அந்த அதிகாரிக்குச் சான்று அளித்த மூல அதிகாரியின் பெயரும் உண்டு. கருவி இவை ஒவ்வொன்றையும் பார்க்கிறது. 2021 செப்டம்பர் 30 அன்று, உலகின் கோடிக்கணக்கான வலைத்தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. நாள் முன்பே தெரியும், மாற்று ஏற்பாடும் இருந்தது. இருந்தும் அன்று பல இடங்களில் சேவைகள் நின்றன. ஐ.ஓ.எஸ். 10க்கு முந்தைய ஐபோன்கள் நின்றன. ஓபன் எஸ்.எஸ்.எல். 1.0.2 என்ற பழைய நூலகத்தை நம்பிய சர்வர்களும், புதிய மூலச் சான்றிதழ் தங்களிடமே இருந்தும், சங்கிலியில் காலாவதியான கண்ணியைக் கண்டதும் இணைப்பைத் துண்டித்தன. பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் பெரும்பாலும் தப்பின. ஏனென்றால் அவை மூலச் சான்றிதழின் முடிவு நாளைப் பார்ப்பதே இல்லை. அதை அறிந்துதான் லெட்ஸ் என்கிரிப்ட் அவற்றுக்காகத் தனி வழி வைத்திருந்தது. பழைய கருவியோடு இருக்கிற மனிதரையும் கணக்கில் எடுத்த அந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

ஆப்பிள் கருவிகளை எந்த மேலாண்மைச் சேவை நடத்தினாலும், கருவியைத் தட்டி எழுப்ப ஒரு தனிச் சான்றிதழ் தேவை. ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் முதலில் எடுத்த அதே ஆப்பிள் ஐடியில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். வேறு ஐடியில் புதிதாக எடுத்துப் போட்டால் பழைய கருவிகள் அத்தனையும் தொடர்பை இழக்கும். முதலில் எடுத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவருடைய சொந்த மின்னஞ்சலில் எடுத்திருப்பார். ஒரு ஆளின் சொந்த மின்னஞ்சலை நம்பி ஓர் அலுவலகத்தின் கருவிகள் தொங்குவது தொழில்நுட்பக் கோளாறு என்று நான் ஏற்கமாட்டேன். அது நிர்வாகக் கோளாறு.

சான்றிதழோடு ஒட்டிய இன்னொன்று, இணைப்பின் மொழி. பாதுகாப்பு கருதி சர்வர்கள் டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய பழைய முறைகளை மூடி 1.2க்கு மேல் மட்டும் பேசுகின்றன. ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய கருவிகளில் 1.2 இருந்தாலும் இயல்பாகத் திறந்திருக்காது. சர்வரில் அப்டேட் போட்டவருக்கு அது ஒரு சிறு மாற்றம். கிராமத்தில் பழைய கருவியை வைத்திருக்கும் பணியாளருக்கோ அன்றோடு வேலை நின்றது.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலைத் தோண்டமாட்டோம். வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மதகை நோக்கி நடப்போம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். இங்கும் அதே நடைதான். ஆனால் நம் ஊர்களில் மிஷின் நின்றதும் முதலில் நடப்பது அணைத்து ஏற்றுவது, பிறகு செயலியை நீக்கி மறுபடி ஏற்றுவது, அதன்பின் ரீசெட். ஒவ்வொன்றும் கோளாறின் தடயத்தை அழிக்கிறது.

முதல் கேள்வி: எல்லோருக்கும் நின்றதா, சிலருக்கா? பென்னாகரத்தில் நின்று அரூரில் ஓடுகிறது என்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? சிம் நிறுவனம் வேறா, கருவியின் மாடல் வேறா, செயலியின் பதிப்பு வேறா? ஒரே மாடல் எல்லா ஊரிலும் நின்று மற்ற மாடல்கள் ஓடினால், சர்வர் அப்டேட்டுக்கும் அந்த மாடலுக்கும் ஒத்துவரவில்லை. எல்லா மாடலும் எல்லா ஊரிலும் நின்றால் யாரும் கருவியைத் தொட வேண்டாம், கோளாறு மேலே இருக்கிறது. ஒரே கடையில் மட்டும் நின்றால் அங்கே போய்ப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்கு நான்கு தொலைபேசி அழைப்பில் விடை கிடைக்கும். அதைக் கேட்காமல் செலவாகும் நேரத்துக்கு அளவே இல்லை.

இரண்டாவது, திரையில் வந்த எண். இதை மிக வற்புறுத்திச் சொல்கிறேன். 700 என்று வந்தால் குறித்த நேரத்துக்குள் விரல் பதியவில்லை. 720 என்றால் கருவியே தயாராக இல்லை, ஆர்.டி. சர்வீஸ் அல்லது கேபிள் பக்கம் பாருங்கள். இவை இரண்டிலும் தகவல் கடையை விட்டே போகவில்லை. 300 என்று வந்தால் தகவல் ஆதார் சர்வர் வரை போய், ரேகை பொருந்தவில்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. அப்படியானால் நெட்வொர்க்கும் துறை சர்வரும் நன்றாகவே இருக்கின்றன. கல் உடைக்கிற, கரும்பு வெட்டுகிற, செங்கல் சுமக்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வேறு விரலோ கருவிழியோ வேண்டும். 562 என்றால் கருவியின் கடிகாரம் சர்வரை விட முன்னால் ஓடுகிறது. 561 என்றால் தகவல் பழசாகிவிட்டது, அங்கும் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. பேட்டரி முற்றிலும் இறங்கிய மிஷினில் தேதி பின்னால் போய்விடுவது உண்டு. அப்போது சர்வரின் சான்றிதழே ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று அதற்குத் தோன்றும், இணைப்பு மறுக்கப்படும். தேதியைத் திருத்தினால் போதும். இத்தனை வேறு வேறு நோய்களுக்கும் நாம் வைத்திருக்கிற ஒரே பெயர் ‘சர்வர் இல்லை’. வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அப்படிச் சொல்லலாம். மேலதிகாரிக்குச் சொல்லும்போது எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எப்போது முதல்? கடைசியாக வேலை செய்த நேரமும் முதலில் நின்ற நேரமும் தெரிந்தால், சர்வரின் லாக் கோப்பில் அந்த இடைவெளியைத் திறந்து பார்க்கலாம். ‘நாங்கள் எதையும் மாற்றவில்லை’ என்று யார் சொன்னாலும் லாக் சொல்வதையே நம்புங்கள். தானாக அப்டேட் ஆகும்படி வைத்த சர்வரில் யாரும் மாற்றாமலே மாற்றம் நடந்திருக்கும்.

சர்வரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சில சொற்கள். சேவை ஓடுகிறதா, உரிய போர்ட் எண்ணில் கேட்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். லாக் கோப்பே வட்டை நிரப்பி சேவையை நிறுத்தியிருக்கலாம். பிறகு அமைப்புக் கோப்புகள். ரெட் ஹாட் வகை லினக்ஸில் அப்டேட் வரும்போது, நீங்கள் கைப்பட மாற்றிய அமைப்புக் கோப்பை விட்டுவிட்டு, புதியதை ஆர்.பி.எம்.நியூ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். சில வேளை புதியதைப் போட்டுவிட்டுப் பழையதை ஆர்.பி.எம்.சேவ் என்று ஒதுக்கும். அந்தப் பின்னொட்டுகளைத் தேடினாலே அப்டேட் எதை மாற்றியது என்று தெரிந்துவிடும். அதன்பின் சான்றிதழின் நாள், சங்கிலி. அதன்பின் தரவுத்தளம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைத்து, ஒரே ஒரு கருவியில் சோதியுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சேவை எழுந்துவிட்டால், எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் அதே கோளாறு திரும்பி வரும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அப்டேட் இரவு நடந்து, மறுநாள் பிற்பகல் திரும்புகிறீர்கள் என்றால், இடைப்பட்ட நேரத்தில் வந்த பதிவுகள் புதிய வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். இரவு எடுத்த பேக்கப்பை ஏற்றினால் அவை காணாமல் போகும். அரிசி வாங்கியவர் வாங்காதவராக, வேலைக்கு வந்தவர் வராதவராக மாறுவார். ஆகவே அந்தப் பதிவுகளைத் தனியே எடுத்து வைத்த பிறகே திரும்ப வேண்டும். பேக்கப் எடுத்திருக்கிறோம் என்று சொல்பவரிடம், அதை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

ஓர் அப்டேட் எவ்வளவு தூரம் உடைக்கும் என்பதற்கு ஒரு நாளைப் பார்ப்போம்: 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் இதுவரை கண்ட மிகப் பெரிய கணினி முடக்கங்களில் ஒன்று அன்று நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் விண்டோஸ் கணினிகளின் அடித்தளத்தில் உட்கார்ந்து காவல் காக்கும். இந்திய நேரம் காலை 9.39க்கு அது ஒரு சிறு தரவுக் கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பியது. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கணினியில் இருந்த மென்பொருள் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போய் நினைவகத்தின் எல்லை தாண்டிப் படித்தது. கணினி நீலத் திரையோடு விழுந்தது. மறுபடி எழுந்தபோது அதே கோப்பைப் படித்து மறுபடி விழுந்தது. 10.57க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடத்தில் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம் கூட இல்லை. ஆயினும் விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. இந்தியாவில் இண்டிகோ மட்டும் கிட்டத்தட்ட 200 விமானங்களை ரத்து செய்தது, பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது. பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும், அதுவும் சிறு அளவில், இடையூறு இருந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

இந்த நிகழ்வில் நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துவன இரண்டு. முதலாவது, பல நிறுவனங்கள் எச்சரிக்கையாகவே இருந்தன. புதிய பதிப்பை உடனே போடாமல் ஒரு பதிப்புப் பின்னால் இருக்கும்படி அமைத்திருந்தன. ஆனால் அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தியது. தரவுக் கோப்புகள் வேறு வாசல் வழியாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டவர்கள் பின்வாசல் ஒன்று இருப்பதையே அறியவில்லை. அதன்பிறகுதான் அந்தக் கோப்புகளையும் படிப்படியாக வெளியிடும் ஏற்பாட்டை நிறுவனம் செய்தது. இரண்டாவது, எழவே மறுக்கும் கணினியை எந்த மேலாண்மை சர்வராலும் எட்ட முடியாது. பழுதை நீக்க ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது. பாதுகாப்பு நிலையில் ஏற்றி அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்துகிடந்த இடங்கள் உண்டு.

சர்வரையே நம்பாத கருவியும் நம் மாவட்டத்தில் உண்டு. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள். அந்த இயந்திரத்துக்கு சர்வரும் வேண்டாம், டவரும் வேண்டாம். மேலே போனால் வேலை செய்யும், கீழே வந்தால் எண்ணலாம். மலைக்கிராமத்துக்கு அனுப்பும் எந்தக் கருவிக்கும் இந்தக் குணம் ஓரளவாவது வேண்டும். இணைப்பு இல்லாதபோது பதிவைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கிடைத்தபோது அனுப்ப வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவைச் செயலியில், நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்றுவது பணியிடங்களில் கட்டாயமானது. தமிழ்நாட்டில் 2025-26இல் அதற்கான நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. வெயிலில் மண் வெட்டியவரின் 336 ரூபாயும் ஒரு சர்வர் அன்று எழுந்திருந்ததா என்பதைப் பொறுத்தது என்றால், அந்த சர்வரை நடத்துகிறவருக்கு அந்தக் கூலியின் மேல் பொறுப்பு இருக்கிறது.

சட்டமும் இதைச் சொல்கிறது. அடையாளம் சரிபார்க்க முடியாமல் போவதால் ஒருவருக்குச் சேர வேண்டியது மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில், ஆதாருடன் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டிருந்த வீட்டின் 11 வயதுச் சிறுமி இறந்தாள். அது நாட்டை உலுக்கிய பின்பு, ஆதார் இல்லை, கைரேகை பொருந்தவில்லை என்ற காரணங்களுக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தோடு கைரேகைப் பதிவு வந்தபோது சர்வர் தடுமாறியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நடக்க முடியாத முதியவருக்காக வேறொருவர் அங்கீகாரப் படிவத்தோடு பொருள் வாங்கும் வழி நம் மாநிலத்தில் இருக்கிறது. அதை மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நம் மாவட்டத்தில் ஏழு வட்டங்கள் இருக்கின்றன. அப்டேட்டை ஏழுக்கும் ஒரே இரவில் அனுப்ப வேண்டாம். முதலில் காரிமங்கலத்தில் பத்துக் கடைகளில் போட்டு இரண்டு நாள் ஓட விடுங்கள். அதில் பழைய மாடல் ஒன்றும் டவர் பலவீனமான ஊர் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். பிறகு வட்டம், பிறகு மாவட்டம். மாதத் தொடக்கத்தில், வரிசை நீளமாக இருக்கும் நாட்களில், எந்த அப்டேட்டும் வேண்டாம். போடும் நாளை முந்தைய வாரமே விற்பனையாளருக்குக் குறுஞ்செய்தியில் சொல்லுங்கள். அன்று சேவை நின்றால் எந்தப் பேரேட்டில் எழுதிப் பொருள் கொடுக்கலாம் என்பதையும் அதே செய்தியில் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர் திட்டுவது விற்பனையாளரைத்தான். அவர் கையில் பதில் ஒன்றைக் கொடுப்பது உங்கள் கடமை.

மாணவர்களே, படிப்பு முடிந்ததும் உங்களில் பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போவீர்கள். அங்கே நீங்கள் அனுப்பப்போகும் ஓர் அப்டேட், நீங்கள் பார்த்தே இராத ஊரின் கருவியில் போய் இறங்கும். அதைத் திரும்பப் பெறும் வழி கையில் இல்லாமல் அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

விற்பனையாளர்களுக்கும் இ-சேவைப் பணியாளர்களுக்கும் கடைசியாக ஒன்று. நாளையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மிஷின் பக்கத்தில் வையுங்கள். நின்ற நேரம், திரையில் வந்த எண், டவர் நிலை, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை, மறுபடி ஓடிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மாத முடிவில் அந்தப் பக்கத்தின் நகலை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.